பதினொரு கதையும் ஒரு மாமியாரும்

சகோதரிகளே, இந்தத் தடவை கைவைத்தியமும் இல்லை, ஊறுகாய்ப் பக்குவமும் இல்லை. ஒரு புத்தகம் அச்சாகி வந்த கதையைச் சொல்லப் போகிறேன். "எனக்கெங்கே அக்கா புத்தகம் படிக்க நேரம்?" என்கிறீர்களா? பரவாயில்லை, குக்கர் மூன்று விசில் விடும் வரைக்குமாவது கேளுங்கள். உங்கள் வீட்டில் வயதான ஜீவன் ஒன்று படுக்கையில் இருந்தால், அடுப்பை அணைத்துவிட்டே கேளுங்கள்.

என் சிநேகிதி ஒருத்தி சூலூர்ப் பக்கம் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்கு வயது 68. அவளுடைய மாமியாருக்கு 96. இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். மாமியாரைப் பார்த்துக்கொள்கிற மருமகளே பாட்டியாகிவிட்டவள். அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் முழங்கால் வலி. நம் அம்மா காலத்தில் இப்படி ஒரு வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்போது என் தெருவிலேயே மூன்று வீடு சொல்லுவேன். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தொட்டவர்கள். ஒன்று இரண்டோடு நிறுத்திக்கொண்ட நம் கொங்குச் சீமையில், அந்த ஒன்றும் இரண்டும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்ட பிறகு, கிழவியைக் கிழவிதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரியம்மா (அவள் மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவது) 91 வயது வரைக்கும் கட்டுத்தரையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தவர். ஒருநாள் வெள்ளென வாசல் தெளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து கட்டில்தான். காது சற்று மந்தம். ஞாபகம் மட்டும் என்னைவிட, உங்களைவிட எத்தனையோ தேவலை.

படுத்தே இருப்பவர்களை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகலுக்கு ஒரு ஆள் உண்டு. ராத்திரி என் சிநேகிதிதான். பத்து மணிக்கு ஒருதரம், பன்னிரண்டுக்கு, ரெண்டுக்கு, நாலுக்கு. நடுவில் தூக்கம் பிடிக்காது. பேத்தி பாதியில் விட்டுப்போன நோட்டுகளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். "ஒரு புரட்டலுக்கும் அடுத்த புரட்டலுக்கும் நடுவால ஒண்ணரைப் பக்கம் வருதுங்க அக்கா" என்பாள். நாலு வருஷத்தில் பதினொரு கதை.

நோட்டுகளை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சும்மா புரட்டிப் பார்க்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சாதம் வடிக்க மறந்துபோனேன். ஒரு கதையில் மருமகள் தன் முழங்கால் வலிக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். "துணைக்கு யாரும் வரலையாம்மா?" என்று கேட்கிறார்கள். இவள் மணியைப் பார்க்கிறாள். மாமியாரைப் புரட்டும் நேரம் வந்துவிட்டது. அவ்வளவுதான் கதை. இன்னொன்றில் பகல் ஆள் வராத ஒரு நாள். இன்னொன்றில் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வருகிற ஒறம்பரை, கிழவி கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவருக்குக் காது கேட்காது என்ற தைரியத்தில் தோட்டம் பிரிப்பதைப் பற்றிப் பேசுவது. இதில் வரும் மருமகள் தேவதை இல்லை. ஒரு ராத்திரி, அலாரம் அடித்தும் வேண்டுமென்றே எழுந்திருக்காமல் படுத்திருக்கிறாள். இதை எழுத எத்தனை தைரியம் வேண்டும்!

"புத்தகமாப் போடலாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

நான் பெரிய மனுஷி மாதிரி யோசனை சொன்னேன். "கொஞ்சம் பொறு கண்ணு. பெரியம்மா காலம் முடியட்டும். அப்புறம் போட்டா யாருக்கும் வெசனமில்லை."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அப்படின்னா என்ற புத்தகம் எப்ப வருமோன்னு நான் நெனைக்கிறப்பெல்லாம், அவங்க எப்பப் போவாங்களோன்னு நெனைச்ச மாதிரி ஆயிடாதுங்களா?" என்றாள்.

எனக்கு வாயடைத்துவிட்டது. நான் நல்லது சொல்வதாக நினைத்து, ஒரு மருமகள் கையில் மாமியாரின் சாவுக்கு நாள் பார்க்கும் பஞ்சாங்கத்தைக் கொடுத்திருக்கிறேன். அன்று சாயங்காலம் அவள் பஸ் ஏறிப் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க என் அலமாரியைக் குடைந்தேன். நம் கதைக்காரர்கள் கிழவன் கிழவிகளை என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்க்கத்தான். தி. ஜானகிராமனின் 'பாயசம்' ஞாபகம் இருக்கிறதா? கல்யாண வீட்டில் பொறாமை தாங்காமல் சாமநாது என்கிற கிழவர் ஒரு பாத்திரம் பாயசத்தையே கவிழ்த்துவிட்டு, அதில் எலி விழுந்துவிட்டது என்று புளுகுவார். வயதானால் மனசு பழுத்துவிடும் என்று நாம் சும்மா சொல்லிக்கொள்கிறோமே, அந்தப் பேச்சுக்கு ஒரு குட்டு. ஜெயகாந்தனின் 'யுகசந்தி'யில் கௌரிப் பாட்டி, விதவையான பேத்தி மறுமணம் செய்துகொள்ளத் துணிந்தபோது பிள்ளையை விட்டுப் பேத்தி பக்கம் நின்றவள். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-ல் வந்தது. அதில் மங்கத்தாயாரு அம்மாளுக்கு 137 வயது! தெலுங்கு நாட்டிலிருந்து தங்கள் ஜனம் புறப்பட்டு வந்த கதையை வீட்டார் முன்னால் சொல்லுவது அந்தப் பூட்டிதான். அத்தனை வயது அவளுக்கு எதற்கு? ஒரு ஊரின் ஞாபகம் முழுவதையும் ஒரே தலைக்குள் வைத்திருக்கத்தான்.

இவர்கள் எல்லாரும் ஏதாவது செய்கிறவர்கள், சொல்கிறவர்கள். கட்டிலோடு கிடப்பவர்களையும் அவர்களுக்குத் துணி மாற்றுகிறவர்களையும் தேடினால் அத்தனை சுலபமாக அகப்படுவதில்லை. அகப்பட்டதில் ஒன்று, நம் கோயமுத்தூரில் 1944-ல் பிறந்த அம்பை எழுதியது. 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்ற கதை. அதே பெயரில் 1988-ல் தொகுப்பும் வந்தது. ராஜஸ்தானத்தில் ஒரு பெரிய வீடு. ஆயுசு முழுவதும் சமையலறையை ஆண்ட மூத்தவள் நோயில் படுத்திருக்க, அடுத்த தலைமுறைப் பெண் அவளிடம் பேசுகிற இடம் இருக்கிறதே, அதை நான் மூன்று தடவை படித்தேன்.

நம் ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே பார்த்தால், ஜப்பானில் அரியோஷி சவாகோ என்ற பெண் எழுத்தாளர் 1972-ல் ஒரு நாவல் எழுதினார். அகிகோ என்று ஒரு மருமகள், வேலைக்குப் போகிறவள். மாமியார் திடீரென்று இறந்துபோக, மாமனாருக்குப் புத்தி கலங்கியிருப்பது அப்போதுதான் வெளியே தெரிகிறது. பெற்ற மகனையே யாரென்று கேட்கிற அவருக்கு, மருமகளை அடையாளம் தெரியும்! அந்தப் புத்தகம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மறு வருஷமே அந்த நாட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவச் செலவு இலவசமானது. நாவலால்தான் ஆனது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்த விஷயம் தெருவில் பேசப்பட்டதற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை.

அயர்லாந்துக்காரர் ஸ்விஃப்ட் 1726-லேயே கலிவரின் யாத்திரைக் கதையில் சாவே இல்லாத மனிதர்களைக் காட்டியிருக்கிறார். சாவு கிடையாது, ஆனால் மூப்பு உண்டு. எண்பது வயதானதும் சட்டப்படி அவர்கள் செத்தவர்கள். சொத்து வாரிசுகளுக்குப் போய்விடும். ஆள் மட்டும் இருந்துகொண்டே இருப்பார்! நம் தோட்டத்துச் சாளைகளில் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் சிலரைப் பார்த்தால் எனக்கு அந்தத் தேசம்தான் ஞாபகம் வருகிறது.

இதையெல்லாம் என் சிநேகிதியிடம் போனில் சொன்னேன். "நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் கண்ணு, இப்பவே போடு" என்றேன். அதற்குள் வேறு வம்பு கிளம்பியிருந்தது. அவளுடைய கொழுந்தனாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "குடும்ப மானத்தைக் கடையில வெச்சு விக்கப் போறீங்களா?" என்று கேட்டாராம்.

அவரை மட்டும் சொல்லி என்ன? கதை எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்கிற பயம் நம் பக்கத்தில் வெறும் பயம் இல்லை. திருச்செங்கோட்டை வைத்துப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' 2010-ல் வந்து, நாலு வருஷம் கழித்து 2014 கடைசியில் பெரும் எதிர்ப்பு கிளம்பியதும், எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவரே அறிவித்ததும் எல்லாருக்கும் தெரியும். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்ன பிறகு அவர் எழுதி வந்த நாவல் எது? 'பூனாச்சி'. ஒரு கிழவனும் கிழவியும் ஒரு ஆட்டுக்குட்டியை வளர்க்கிற கதை. மனுஷரைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது, அதனால் ஆட்டைப் பற்றி எழுதுகிறேன் என்கிற மாதிரி முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஆனால் எனக்கு அதில் ஆட்டைவிடக் கிழவிதான் மனசில் நின்றாள். வயதான காலத்தில் கைக்கு ஒரு உயிர் கிடைத்ததும் அவளுக்கு எங்கிருந்துதான் அத்தனை சுறுசுறுப்பு வருமோ!

கொழுந்தனாரை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பதிப்பகம் தேடினோம். இதில் நான் கற்றதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்களில் எத்தனை பேர் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கதை எழுதி வைத்திருக்கிறீர்களோ, யார் கண்டது?

முதலில் போன இடத்தில் கையெழுத்துப் பிரதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எவ்வளவு பணம் கட்டுவீர்கள் என்றுதான் கேட்டார்கள். கட்டினால் எத்தனை பிரதி அச்சடிப்பார்கள், எத்தனை நம் கைக்கு வரும், மீதி எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. பெயர் வேண்டாம், விடுங்கள். காசு கொடுத்துப் போடுவது பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பிரதி எத்தனை, காகிதம் என்ன, பிழை திருத்துவது யார், உரிமை யாருக்கு என்று நாலு வரி எழுதி வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பாத்திரக்கடையில் ஒரு போசி வாங்கினாலே தட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? புத்தகத்துக்குப் போடுகிற ஐ.எஸ்.பி.என். எண்ணை நம் நாட்டில் அரசாங்கத்து முகமை இலவசமாகவே கொடுக்கிறது. அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் சுதாரித்துக்கொள்ளுங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம். 128 பக்கப் புத்தகம் என்றால் எட்டு ஃபாரம். முன்பெல்லாம் அச்சு கோத்து ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி போடுவார்கள். இப்போது முந்நூறு போட்டு, தீர்ந்தால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். இது நம் மாதிரி ஆட்களுக்கு நல்லதுதான். கட்டிலடியில் புத்தகக் கட்டு மக்கிப்போகாது.

ரெண்டாவது இடத்தில் மனுஷராகப் பேசினார்கள். படித்துப் பார்த்து, போடுகிறோம், நீங்கள் நூறு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். சரியென்றாள். ஆனால் பிழை திருத்தி வந்த தாளைப் பார்த்து அழாத குறை. 'ஒறம்பரை'யெல்லாம் 'உறவினர்' ஆகிவிட்டது. 'வெசனம்' 'வருத்தம்' ஆகிவிட்டது. 'பொழுதோட' போய் 'மாலையில்' வந்து உட்கார்ந்திருக்கிறது. "அத்தை பேசறாப்பலயே இல்லீங்க அக்கா, ரேடியோவுல செய்தி வாசிக்கிறாப்பல இருக்குது" என்றாள். நான் சொன்னேன்: ஆர். சண்முகசுந்தரம் 1942-லேயே 'நாகம்மாள்' நாவலில் நம் தோட்டங்காட்டுப் பேச்சை அப்படியே கொண்டுவந்துவிட்டார். அன்றைக்கு அவருக்கு இருந்த துணிச்சல் இன்றைக்கு உனக்கு வேண்டாமா, போய்ச் சண்டை போடு என்று. போட்டாள். எல்லாம் திரும்பி வந்தது, ஒரு 'சித்தெ'யைத் தவிர. அதை அவர்கள் 'சித்தி' என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் பதிப்பில் அது அப்படியேதான் இருக்கிறது.

இவ்வளவும் நடந்த பிறகு, அச்சுக்குப் போவதற்கு முன்னால், அவளுக்கே ஒன்று தோன்றியது. கொழுந்தனாரிடம் கேட்டோம், பதிப்பகத்தில் கேட்டோம், அக்காவிடம் கேட்டோம். கட்டிலில் இருப்பவரிடம் யாராவது கேட்டோமா? ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து, காதுக்கருகில் குனிந்து, முதல் கதையை வாசித்தாள். தினம் ஒன்றாகப் பதினொரு நாள்.

அலாரம் கதையை வாசிக்கத்தான் கை நடுங்கியதாம். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "அன்னிக்கு நானும் முழிச்சுத்தான் இருந்தேன். பாவம் தூங்கட்டும்னு கூப்பிடலை" என்றாராம். இதைச் சொல்லும்போது என் சிநேகிதி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

ஆனால் ஒன்பதாவது கதைக்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதில் கிழவி, "என்னை இன்னும் கூப்பிடலையே சாமி" என்று புலம்புவதாக வரும். "ஏம்மிணி, நான் எப்ப அப்படிச் சொன்னேன்? வாரவங்கதான் சொல்றாங்க, நல்லபடியாப் போய்ச் சேரோணும்னு. நான் எங்கயும் போறேன்னு சொல்லலை" என்றிருக்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அம்மா! எத்தனை கதைகளில், எத்தனை சினிமாவில், கிழவி என்றால் இந்த வசனத்தை வாயில் திணித்து வைத்திருக்கிறோம். நானும் எத்தனையோ வீட்டில் போய் உட்கார்ந்து, "கஷ்டப்படாமப் போயிடணும்" என்று நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் வாயைத் திறக்கவில்லை என்பதால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஔவையார் விநாயகரிடம் கேட்டு வாங்கிக்கொண்டதே முதுமைதான் என்று கதை சொல்கிறோம். அதியமான் நீண்ட ஆயுள் தருகிற நெல்லிக்கனியைக் கொடுத்ததைப் பாடமாகப் படிக்கிறோம். நம் வீட்டு ஔவைக்கு மட்டும் ஆயுள் போதும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோமே. என் சிநேகிதி அந்தக் கதையைத் திருப்பி எழுதினாள். இப்போது அந்த வசனத்தைச் சொல்வது பார்க்க வருகிற ஒறம்பரை. கிழவி பதிலுக்கு, "நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறாள். தொகுப்பிலேயே அதுதான் சிறந்த கதை என்பது என் அபிப்பிராயம்.

எழுதுகிறவர்களுக்கும் இந்த மூப்பு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரி மலை ஜனங்களை 'குறிஞ்சித்தேன்' நாவலில் எழுதிய ராஜம் கிருஷ்ணனை நம்மில் பலர் படித்து வளர்ந்தோம். 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973-ல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியவர். கணவர் போன பிறகு கடைசிக் காலத்தில் முதியோர் இல்லத்தில் இருந்தார். 2009-ல் அவர் இருக்கும்போதே அவர் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியது; 2014 அக்டோபரில் காலமானார். இன்னொரு பக்கம் கி.ரா.! 98-ஐ ஒட்டிய வயதில், 2021-ல், 'மிச்சக் கதைகள்' என்று பெயர் வைத்துப் புத்தகம் போட்டார். அந்த மே மாதம்தான் போய்ச்சேர்ந்தார். அவர் பெயரில் நம் கோவை விஜயா வாசகர் வட்டத்தார் 2020-லிருந்து விருது கொடுக்கிறார்கள். அந்த வயதிலும் மிச்சம் இருந்ததே கதை!

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். முந்நூறு பிரதி. கொழுந்தனார் வெளியீட்டுக்கு வரவில்லை. இன்னும் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. அதில் என் சிநேகிதிக்கு வருத்தம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். வெளியீடு என்றால் மண்டபம் எல்லாம் இல்லை, வீட்டு ஆசாரத்தில்தான். கட்டிலைத் தூக்கி வந்து நடுவில் போட்டோம். வந்தவர்களுக்கு அரிசிம்பருப்புச் சாதம், கத்திரிக்காய்ப் பொரியல், தயிர். முதல் பிரதியைப் பெரியம்மா கையில் கொடுத்தாள்.

அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.

"இதுல என்ற பேரு எங்க?" என்று கேட்டார்.

"உங்க பேரைப் போடலீங்க அத்தை. யாராச்சும் ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு மாத்தி வெச்சிருக்கறேன்."

"அஞ்சு வருசமாப் படுத்துக் கெடந்தது நானு. பேரு எவளுக்கோ போயிருச்சா?" என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மறுபதிப்பில் 'அத்தைக்கு' என்று சமர்ப்பணம் போட்டுப் பெயரையும் போடுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் சாதம் ஊட்டிக்கொள்ள வாயைத் திறந்தார்.

மறுபதிப்பு வர வேண்டுமானால் இந்த முந்நூறும் தீர வேண்டுமே! ஆடி மாதம் கொடிசியாவில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் ஒரு கடையில் கொஞ்சம் வைத்தோம். ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்குக் கொஞ்சம் போயிருக்கிறது. மீதிக் கட்டு பெரியம்மாவின் கட்டில் கால்மாட்டில்தான் இருக்கிறது. அவர் பார்வையிலேயே இருக்க வேண்டுமாம். இப்போதெல்லாம் பன்னிரண்டு மணிப் புரட்டலின்போது அவர் கேட்கும் கேள்வி, "இன்னிக்கு எத்தனை போச்சு?" என்பதுதான். நேற்று போன் பண்ணினபோது நூற்றுப் பதினான்கு மிச்சம் என்றாள்.